கன்செர்ட்டோ என்று சொல்லாதீர்கள்

எங்கள் இசைக்குழுவில் இருந்த ஒரே பெண் நான். ஹார்ப் வாசிப்பவள். ஹார்ப்பை மட்டும் பெண்கள் வாசிக்கலாம் என்று பாரிஸில் யாரோ எப்போதோ தீர்மானித்துவிட்டார்கள். கை அழகாகத் தெரியும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஈரக்காற்று அடித்தால் தந்திகள் பட்பட்டென்று அறும். காலுக்குக் கீழே ஏழு பெடல். வாத்தியத்தை மாடிப்படியில் தூக்கிப் போக இரண்டு ஆட்களைக் கெஞ்ச வேண்டும். அழகாம், அழகு.

ஆனால் இது என் புலம்பல் இல்லை. என் சிநேகிதி எர்மீன் தலாபோரைப் பற்றியது.

எர்மீன் பதினேழு வயதில் இசைப்பள்ளியில் பியானோவுக்கு முதல் பரிசு வாங்கியவள். அன்றைக்கு அவள் பெயர் பத்திரிகையில் வந்தது. அதன் பிறகு முப்பத்தாறு வயது வரை வரவில்லை. பணக்கார வீட்டுப் பெண்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க ஊர் முழுக்க மாடிப்படி ஏறி இறங்கினாள். யாராவது விருந்து வைத்தால் சாப்பாட்டுக்கும் காபிக்கும் நடுவில் வாசிப்பாள். கரண்டிச் சத்தம் ஓயுமுன் முடித்துவிட வேண்டும். ஒரு பெரிய இசைக்குழுவுக்கு முன்னால் உட்கார்ந்து, தன் பெயரில், ஒரே ஒரு தடவை வாசிக்க வேண்டும். அவளுக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். நகை, புருஷன், தெற்கே கடலோரத்தில் ஒரு வீடு என்றெல்லாம் ஆசைப்படுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை உண்டு. எர்மீனின் ஆசையைக் கேட்டால் மட்டும் எனக்குத் தாங்காது, ஏனென்றால் அவள் கேட்டது நியாயம்.

அந்த வருஷம் இலையுதிர்காலத்தில் ஒரு காலைநேரம் அவள் என் வீட்டுக்கு மூச்சிரைக்க வந்தாள். குடையைக்கூட மடக்கவில்லை.

"லியோனி, சில்வான் எழுதி முடிச்சுட்டான்டி. பியானோவுக்கும் இசைக்குழுவுக்கும். நான்தான் வாசிக்கணுமாம். மொங்ரோல் சரின்னுட்டாரு."

சில்வான் காரேல் எங்களோடு படித்தவன். அந்த நாளிலேயே வாத்தியார்கள் கூடாது என்று சொல்லும் ஸ்வரங்களைத்தான் தேடித் தேடிப் போடுவான். இப்போது புதுவகை இசைக்காரர்களில் அவனுக்கும் ஒரு பெயர் வந்திருந்தது. முசியே மொங்ரோல் எங்கள் இசைநடத்துனர். ஆற்றங்கரைத் தியேட்டரில் ஞாயிற்றுக்கிழமை மதியக் கச்சேரிகள் அவருடையவை.

"முதல்ல உக்காரு. அந்தக் குடைய வெளியில வை" என்றேன். "ஞாயித்துக்கிழமையா?"

"ஆமா. அடுத்த மாசம்."

சூடான சாக்லேட் போட்டுக் கொடுத்தேன். குடிக்கவில்லை. ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து மேசை முழுக்கத் தூளாக்கினாள். எழுந்தாள், ஜன்னலுக்குப் போனாள், திரும்பி வந்தாள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் சந்தோஷத்துக்கு அடியில் ஒரு பயம் கிடந்து குடைந்தது. அவளுக்கும் அதே பயம் என்று தெரிந்தது. இருவரும் அதன் பெயரைச் சொல்லாமல் வேறு எல்லாம் பேசினோம்.

அந்தப் பயத்தின் பெயர் விசில். எங்கள் தியேட்டரின் மேல்தளத்துக்குக் கோழிக்கூடு என்று பெயர். கூரையை ஒட்டிய மர பெஞ்சுகள், மிக மலிவான டிக்கெட். மாணவர்கள், குமாஸ்தாக்கள், கடைச் சிப்பந்திகள் எல்லோரும் மழையிலும் வரிசையில் நின்று அங்கே ஏறுவார்கள். சும்மா சொல்லக்கூடாது, கீழே பட்டுமெத்தையில் தூங்குகிற கனவான்களைவிட அவர்களுக்குச் சங்கீதம் தெரியும். ஆனால் அந்த வருஷம் அவர்களுக்குக் கன்செர்ட்டோ என்றாலே ஆகாமல் போய்விட்டது. முன்னால் ஒருவர் தனியாக வந்து உட்கார்ந்து வாசித்தால் போதும், சட்டைப்பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து அதன் துளையில் வாயை வைத்து ஊதுவார்கள். அதற்கு முந்தின ஞாயிறு பெல்ஜியத்திலிருந்து வந்த ஒரு பியானோக்காரர் விசிலுக்கு நடுவில் பாதியிலேயே எழுந்து போய்விட்டார். போலீஸ் வந்தது. மொங்ரோல் அன்று குடித்த பிராந்திக்கு அளவில்லை.

அந்தக் கோழிக்கூட்டின் தலைச்சேவலை எனக்குத் தெரியும். எங்கள் தெரு முனை மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஒனோரே. சிவப்புத் தாடி, மெல்லிய குரல், வெகு மரியாதை. அடுத்த நாள் இருமல் மிட்டாய் வாங்கும் சாக்கில் போனேன்.

"என்னப்பா ஒனோரே, வர்ற ஞாயித்துக்கிழமைகள்லயும் சாவிதானா?"

"கன்செர்ட்டோ இருந்தா சாவிதான் மதாம்" என்றான், மிட்டாயைத் தராசில் போட்டுக்கொண்டே. "நீங்க சிம்பொனி வாசிங்க, நான் கை சிவக்கத் தட்டுறேன். கன்செர்ட்டோ சர்க்கஸ். ஒரு ஆளு முன்னாடி வந்து விரல் வித்த காட்டுவான், எண்பது பேரு பின்னாடி உக்காந்து ஆமாம்சாமி போடுவாங்க. இதுக்கா நான் மழையில நின்னு டிக்கெட் வாங்குறேன்?"

"புதுசா ஒண்ணு வருதுப்பா. பியானோ இருக்கு, ஆனா வித்த காட்டுற சமாச்சாரமே இல்ல. பாட்டுக்குள்ளயே கலந்து போயிருக்கும்."

"பியானோக்காரர் முன்னாடிதானே உக்காருவாரு?"

"உக்காருவா. என் சிநேகிதி."

"பொம்பளையா? அப்ப புதுக் கவுன் வேற இருக்கும்." பொட்டலத்தை மடித்து நூல் கட்டினான். "போஸ்டர்ல பேரு பெருசா வருமா?"

"வரணும்."

"அப்ப விசில் உண்டு மதாம். நீங்க வந்து கேட்டீங்கங்கிறதுக்காக நான் மட்டும் கொஞ்சம் மெதுவா ஊதுறேன்."

கடையை விட்டு வெளியே வந்து நடுத்தெருவில் நின்று அவனைத் திட்டினேன். அவன் கேட்கவில்லை, குதிரை வண்டிக்காரன்தான் கேட்டான். அவனும் என்னைத் திருப்பித் திட்டினான்.

மறுவாரம் மொங்ரோல் கூப்பிட்டு அனுப்பினார். எர்மீன் தனியாகப் போக மாட்டேன் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். அறையில் சில்வான் ஏற்கெனவே இருந்தான். கணப்புக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தான்.

மொங்ரோல் நல்ல மனிதர், ஆனால் பயந்தாங்கொள்ளி. மீசையை நீவிக்கொண்டே சுற்றி வளைத்துப் பேசினார். கடைசியில் விஷயம் வந்தது. கன்செர்ட்டோ என்ற வார்த்தையையே எங்கும் சொல்லக்கூடாது. போஸ்டரில் 'வெள்ளம் வடிந்த பிறகு, சிம்பொனிச் சித்திரம்' என்று போடுவது. பியானோவை முன்னால் வைக்காமல், மூடியைக் கழற்றிவிட்டு, இசைக்குழுவுக்கு நடுவில் ஹார்ப்புக்குப் பக்கத்தில் தள்ளிவிடுவது. மத்மசேல் எர்மீன் மற்ற வாத்தியக்காரர்களோடு சேர்ந்தே மேடைக்கு வருவது, கறுப்பு உடையில். முடிந்ததும் மற்றவர்களோடு எழுந்து நிற்பது. தனியாக வணக்கம் கிடையாது.

"என் பேரு?" என்றாள் எர்மீன்.

"பேரு போட்டா பியானோக்காரர்னு தெரிஞ்சுடும் மத்மசேல். நம்ம ஹார்ன்காரர் பேரப் போடுறோமா? மதாம் லியோனி பேரப் போடுறோமா?"

"எனக்கு அந்த இசையில நாலு இடம். இவளுக்கு ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும் கை ஓயாது" என்றேன்.

சில்வான் குறுக்கே விழுந்தான். "எர்மீன், நெஜமாவே என் இசைக்கும் அதுதான் சரி. பியானோ ஆத்துக்குள்ள இருக்கணும். கரையில நின்னு கூவக் கூடாது. எழுதறப்பவே அப்படித்தான் நெனச்சேன்."

"அப்ப உன் பேரையும் போஸ்டர்லேருந்து எடுத்துடு. நீயும் ஆத்துக்குள்ளயே இரு" என்றேன்.

"லியோனி, உன்ன யாரு இங்க கூப்பிட்டா?"

"யாரும் கூப்பிடல. நானா வந்தேன்."

எர்மீன் இடது கையுறையின் பொத்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தாள். நாங்கள் மூவரும் அந்தப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் பொத்தானைப் போட்டுவிட்டு, "சரி" என்றாள்.

படியிறங்கும்போது நான் வெடித்தேன். "ஏண்டி சரின்னே? இத்தன வருஷம் காத்துக் கிடந்தது கூட்டத்துக்குள்ள ஒளிஞ்சு உக்காரவா?"

"முடியாதுன்னா நாளைக்கே வேற எவனையாவது உக்கார வச்சுடுவாங்க. எனக்கு வாசிக்கணும் லியோனி. பேரு இல்லாட்டி போகுது. அந்த எண்பது பேருக்கு நடுவுல ஒரு தடவ உக்காந்து வாசிச்சாப் போதும்."

"போதுமா?"

"போதும்னு நெனச்சுக்கறேன். நீ சும்மா வா."

அந்த இசை எப்படிப்பட்டது என்று சொல்லவில்லையே. பியானோ வாசிப்பவர்கள் யாரும் இவ்வளவு கஷ்டமானதை வாசித்திருக்க மாட்டார்கள். கேட்பவர்கள் யாருக்கும் அது கஷ்டம் என்று தெரியாது. இரண்டு கையும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், ஆனால் சத்தம் எழும்பக்கூடாது. ராகத்தைப் புல்லாங்குழல் வாசிக்கும், ஹார்ன் வாசிக்கும். பியானோ அதற்கு அடியில் நிற்காமல் அசைந்துகொண்டிருக்கும். எங்கே ஆரம்பித்தது, எங்கே முடிந்தது என்று பிடிபடாது. சில்வானை எனக்குப் பிடிக்காது என்பதற்காகப் பொய் சொல்ல மாட்டேன்: அவ்வளவு நல்ல இசையை அந்த மேடையில் நான் அதற்கு முன் வாசித்ததில்லை. வயலின்காரர்களுக்கு மட்டும் புரியவில்லை. "ஈரத்துணியக் காயப்போட்ட மாதிரி இருக்கு, சொட்டுதே தவிர காயல" என்றார் ஒருவர்.

ஒத்திகை தொடங்கியபோது வந்திருந்தவர்களில் பாதிப் பேர் பதிலாட்கள். இது எங்கள் ஊர் வழக்கம். ஒத்திகை நாளன்று வேறெங்காவது கல்யாணப் பூசையோ நடனமோ கூடுதல் காசுக்குக் கிடைத்தால், வாத்தியக்காரர் தன் நாற்காலிக்கு ஒரு பதிலாளை அனுப்பிவிட்டு அங்கே போய்விடுவார். கச்சேரியன்று தானே வந்து உட்காருவார். ஆக, பழகியது ஓர் இசைக்குழு, வாசிப்பது இன்னோர் இசைக்குழு. மொங்ரோல் கத்திப் பார்த்து ஓய்ந்துவிட்டார். ஹார்ன் என்கிற சுருள் பித்தளைக் குழலை ஊதும் அமெதே பாரிஸிலேயே நல்ல ஹார்ன்காரர், அதனாலேயே ஒத்திகைக்கு வருவது கேவலம் என்று நினைப்பவர். அவர் இடத்தில் ஒரு மெலிந்த மனிதர் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

சனிக்கிழமைக் கடைசி ஒத்திகையில் சில்வானுக்கு ஓர் எண்ணம் வந்தது. மூன்றாம் பகுதியில் ஹார்ன் தனியாகத் தன் ராகத்தை எடுப்பதற்கு முன்னால் வரும் இரண்டு வரிகள் தேவையில்லை என்றான். "அத அடிச்சுடுங்க." எல்லோரும் பென்சிலை எடுத்துத் தங்கள் தாளில் அடித்தார்கள். மெலிந்த மனிதர் தலையாட்டினார். அவர் பென்சில் எடுத்தாரா என்று நான் பார்க்கவில்லை. யார் பார்ப்பார்கள்? வாசித்தபோது சரியான இடத்தில்தான் எடுத்தார்.

ஞாயிறு வந்தது. காலையிலிருந்தே மழை, ஹார்ப்பில் இரண்டு தந்தி அறுந்து நான் புதிது மாட்டிக்கொண்டிருந்தேன். எர்மீன் கறுப்பு உடையில் வந்தாள். மாதக்கணக்கில் காசு சேர்த்துத் தைக்கக் கொடுத்த பச்சைப் பட்டுக் கவுன் தையற்காரியிடமே கிடந்தது. கை சில்லிட்டிருந்தது. என் அக்குளுக்குள் அவள் கைகளைச் செருகிச் சூடேற்றினேன். ஆண்கள் சிரித்தார்கள்.

"சாப்பிட்டியா?"

"எதையோ தின்னேன். ஞாபகமில்ல. லியோனி, கூட்டம் எப்படி?"

"நிறைஞ்சு வழியுது. கோழிக்கூட்டுல இடமே இல்ல."

"விசிலடிப்பாங்களா?"

"எதுக்கு அடிக்கப் போறாங்க? உன்னத்தான் ஒளிச்சு வச்சாச்சே."

சொல்லியிருக்கக்கூடாது. அவள் முகம் ஒருகணம் சுருங்கியது. பிறகு எல்லோரோடும் சேர்ந்து மேடைக்குப் போனோம். எண்பது பேரில் ஒருத்தியாக அவள் நடந்து வந்து பியானோ முன் உட்கார்ந்தாள். கீழிருந்து ஒருவரும் அவளைக் கவனிக்கவில்லை. மேலே இருந்தவர்கள் குனிந்து மேடையின் முன்பகுதியைப் பார்த்தார்கள். அங்கே காலி. திருப்தியாகச் சாய்ந்துகொண்டார்கள்.

மொங்ரோல் கையைத் தூக்கினார். தொடங்கிவிட்டது. முதல் பகுதியில் என் காதெல்லாம் கூரையில் இருந்தது. ஓர் இருமல், ஒரு நாற்காலி முனகல், ஒவ்வொன்றுக்கும் திடுக்கிட்டேன். விசில் இல்லை. இரண்டாம் பகுதியில் கூடம் மொத்தமும் மூச்சை அடக்கிக் கேட்பது தெரிந்தது. எர்மீனின் விரல்களை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அவை அப்படி ஓடியதை நான் பார்த்ததே இல்லை. கழுத்தில் வியர்வை வழிந்தது. முகம் மட்டும் பாடம் சொல்லிக்கொடுக்கிற முகமாகவே இருந்தது.

மூன்றாம் பகுதியில் அது நடந்தது. சில்வான் அடித்த இரண்டு வரிகளைத் தாண்டி எல்லோரும் நேராகப் போனோம். மொங்ரோல் ஹார்ன் பக்கம் கையை நீட்டினார். அமெதே ஹார்னை மடியில் வைத்துக்கொண்டு தாளைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தார். அவருடைய தாளில் அடித்தல் எதுவும் இல்லை. மெலிந்த மனிதர் அதை நினைவில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். மொங்ரோலின் கை நீட்டியபடியே நின்றது, முகம் வெளிறியது. ராகம் வர வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை.

அந்த ராகம் வந்தது. பியானோவிலிருந்து வந்தது. எர்மீனின் வலதுகை தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க, இடதுகை தன் வேலையை விட்டுவிட்டு ஹார்னின் ராகத்தை எடுத்தது. மெதுவாக, தூரத்திலிருந்து யாரோ கூப்பிடுகிற மாதிரி. மொங்ரோல் அவளைப் பார்த்தார். அமெதேயும் நிமிர்ந்து பார்த்தார், காது சிவந்தது, ஹார்னைத் தூக்கினார். இரண்டாம் அடியில் வந்து சேர்ந்துகொண்டார். எர்மீன் தன் இடதுகையைத் தடம் தெரியாமல் விலக்கி, பழைய இடத்துக்கே திரும்பினாள். முழுசாக அரை நிமிஷம்கூட இருக்காது. கூடத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. அப்படித்தான் எழுதியிருக்கிறது என்று எல்லோரும் நினைத்தார்கள். இரண்டாம் வரிசையில் ஒரு சீமாட்டி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தாள்.

முடிந்ததும் முதலில் கோழிக்கூடுதான் வெடித்தது. கைதட்டல், காலால் தரையை உதைப்பது, "இன்னொரு தடவ, இன்னொரு தடவ" என்ற கூச்சல். ஒனோரேயின் குரல் எனக்குத் தனியாகக் கேட்டது. மொங்ரோல் உள்ளே ஓடிப்போய் சில்வானைக் கையைப் பிடித்து இழுத்துவந்து இரு கன்னத்திலும் முத்தமிட்டார். சில்வான் குனிந்தான். மறுபடி குனிந்தான். மூன்றாம் தடவை நெஞ்சில் கைவைத்துக் குனிந்தான்.

அதற்குப் பிறகு மொங்ரோல் புல்லாங்குழல்காரரை எழச் சொன்னார். கைதட்டல். என்னைக் காட்டினார். பியானோவின் பாதி ஓசையை ஹார்ப் என்று நினைத்தவர்கள் எனக்குக் கை தட்டினார்கள். நான் எழுந்தபோது என் முகம் எப்படி இருந்ததோ, முன்வரிசைக் கிழவர் ஒருவர் தட்டுவதை நிறுத்திவிட்டார். அடுத்து மொங்ரோல் அமெதேயைக் காட்டினார், அந்த அழகான ஹார்ன் ராகத்துக்காக. அமெதே எழவில்லை. பக்கத்திலிருந்தவர் முழங்கையால் இடித்ததும் பாதி எழுந்து, எர்மீன் இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, சட்டென்று உட்கார்ந்துகொண்டார். கூடம் அதிர்ந்தது. அவருடைய அடக்கம் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று.

கடைசியில் மொங்ரோல் எல்லோரையும் எழச் சொன்னார். எல்லோரும் எழுந்தோம். எர்மீனும் எழுந்தாள், என் பக்கத்தில், ஒப்புக்கொண்டபடியே. அவள் மூச்சு எனக்குக் கேட்டது.

"லியோனி" என்றாள்.

"என்னடி?"

"போதல."

நான் பதில் சொல்லுமுன் நடந்துவிட்டாள். இசைத்தாள் தாங்கிகளுக்கு நடுவில் வழியில்லை. வயலின்காரர்கள் முதலில் புரியாமல் நின்றார்கள், பிறகு ஒவ்வொருவராக நாற்காலியை இழுத்து வழிவிட்டார்கள். ஒரு தாங்கி சரிந்து தாள்கள் பறந்தன. அவள் நிற்கவில்லை. மொங்ரோலைத் தாண்டினாள். சில்வான் கையை நீட்டித் தடுக்கப் பார்த்தான், அவனையும் தாண்டினாள். மேடையின் விளிம்பில், தனியாக வாசிப்பவர்கள் நிற்கும் அந்த இடத்தில் போய் நின்று, கூடத்தைப் பார்த்தாள். பாவாடையைப் பிடித்து, நிதானமாக, முழுசாகக் குனிந்து வணங்கினாள்.

கைதட்டல் சிதறியது. கீழே இருந்தவர்கள் யார் இவள் என்று நிகழ்ச்சித் தாளைப் புரட்டினார்கள். மேலே இருந்தவர்கள் மறுபடி குனிந்து பார்த்தார்கள். எனக்கு அந்தக் கணத்தில் அவளை இழுத்துக்கொண்டு வந்துவிடலாமா என்று இருந்தது.

"அப்ப இது கன்செர்ட்டோவா?" என்றது ஒனோரேயின் மெல்லிய குரல்.

"ஏமாத்திட்டாங்கப்பா" என்றது இன்னொன்று.

முதல் விசில் வந்தது. அடுத்து பத்து. அடுத்து கூரை முழுக்க. காதைக் கிழிக்கும் அந்தச் சாவிச் சத்தம், மழைநாளில் எல்லா ரயில்களும் ஒரே சமயத்தில் ஊதுகிற மாதிரி. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் இதே ஆட்கள் இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லிக் கெஞ்சினார்கள். மொங்ரோல் "உள்ள வாங்க மத்மசேல், தயவுசெஞ்சு உள்ள வாங்க" என்று முணுமுணுத்தார். சில்வான் ஏற்கெனவே உள்ளே போய்விட்டான்.

எர்மீன் போகவில்லை. நிமிர்ந்தாள். தலையை உயர்த்தி நேராகக் கோழிக்கூட்டைப் பார்த்து, அவர்களுக்கென்று தனியாக, இன்னொரு தடவை குனிந்தாள். விசில் இரண்டு மடங்காயிற்று. நான் அழுதுகொண்டிருந்தேன். அவமானத்தில் இல்லை. அவளைப் பார்த்து எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

அப்போது பின்னாலிருந்து தொம் தொம்மென்று ஒரு சத்தம். திரும்பினேன். அமெதே. ஹார்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு காலால் மேடைப் பலகையை உதைத்துக்கொண்டிருந்தார். ஊதுவாத்தியக்காரர்கள், தனியாக வாசித்த கலைஞருக்கு மட்டும் செய்யும் மரியாதை அது. இன்னொரு ஹார்ன்காரர் சேர்ந்தார். செல்லோக்காரர்கள் வில்லால் தாங்கியைத் தட்டினார்கள். ஈரத்துணி என்று சொன்ன வயலின்காரரும் தட்டினார். எனக்குத் தட்ட வில் கிடையாது. இரண்டு காலாலும் பலகையை உதைத்தேன்.

திரை விழுந்ததும் சில்வான் பாய்ந்து வந்தான்.

"கெடுத்துட்டே. நாளைக்குப் பேப்பர்ல என் இசையப் பத்தி ஒரு வரி வராது, இந்த ரகளையத்தான் எழுதுவாங்க. அடுத்த ஞாயிறு திருப்பி வாசிக்கிறதா இருந்துது, தெரியுமா உனக்கு?"

"தெரியும்" என்றாள் எர்மீன். "ரொம்ப நல்லா எழுதியிருக்கே சில்வான். நெஜமாவே."

அவன் என்னென்னவோ சொல்லிவிட்டுப் போனான். அவன் சொன்னபடிதான் நடந்தது: பத்திரிகைகள் ரகளையைத்தான் எழுதின, மறு ஞாயிறு அந்த இசை வாசிக்கப்படவில்லை. அவன் பக்கமும் நியாயம் உண்டு. அன்றைக்கு எனக்கு அதைப் பார்க்க விருப்பமில்லை, இன்றைக்கும் அவ்வளவாக இல்லை.

எர்மீன் என் ஹார்ப் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன், பாதி உடம்பில் கொட்டிக்கொண்டாள். திரைக்கு அப்பால் இன்னும் விசில் அடங்கவில்லை. அவள் தலையைச் சாய்த்து அதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"லியோனி, மேல இருக்கறவங்க சில்வானத் திட்டலையே? மொங்ரோலயும் இல்லையே?"

"இல்லடி."

"மொத்தமும் எனக்குத்தானே?"

"உனக்கே உனக்குத்தான்" என்றேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "கொஞ்சம் பேசாம இரு" என்றாள். "கேட்டுக்கறேன்."